அரைப்படத்து மாப்பிள்ளை

1

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், மனைவி லூர்து, மகள் ஜெசி, லூர்துவின் தம்பி அலோசியஸ், மிக்கெல் என்ற டென்மார்க் பொடியன். ஐந்து பேர். வேறு ஒருவரும் இல்லை. பின்னால் யாராவது "நானும் அங்கே இருந்தனான், என் காதால் கேட்டனான்" என்று சொல்லிக்கொண்டு வந்தால் நம்பவேண்டாம். அதற்காகத்தான் முதலில் ஆட்களை எழுதிவைக்கிறேன். நடந்ததை இருந்தவர்கள் மறந்தாலும் இல்லாதவர்கள் மறக்கமாட்டார்கள். நம்முடைய சனத்தை எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். தொலைக்காட்சியில் ஒப்பேரா போடுகிறார்கள் என்று ஜெசி எல்லோரையும் இருத்திவைத்திருந்தாள். ஒப்பேரா என்றால் பேச்சே இல்லாமல் முழுக்கப் பாட்டாகவே போகும் நாடகம். நம்முடைய கூத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெசி அதில் பாடவுமில்லை, ஆடவுமில்லை. மேடை உடுப்புத் தைக்கிற படிப்புப் படிக்கிறாள்; இந்த நாடகத்துக்கு உடுப்புப் பகுதியில் உதவிக்கு நின்றவள். மருந்தாளர் படிப்புக்கு இடம் கிடைத்த பிள்ளை ஊசியும் நூலும் எடுத்தது பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தக் குறிப்பு அதோடே முடிந்துவிடும்.

"கடைசியில என்ர பேர் வரும் அப்பா. பாருங்கோ."

"எவ்வளவு நேரத்துக்கு நிக்கும்?" என்று கேட்டான் அலோசியஸ்.

"ரெண்டு செக்கன், மாமா."

"ரெண்டு செக்கனுக்கு ரெண்டரை மணித்தியாலம் இருக்கவேணுமோ? கொம்யூன்ல கூட இவ்வளவு நேரம் இருத்த மாட்டாங்கள்."

கொம்யூன் என்பது இங்கே டென்மார்க்கில் நகரசபைக் கந்தோர். இலக்கத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதில் நாங்கள் எல்லோருமே பட்டம் பெற்றவர்கள்.

மிக்கெல் ஜெசியோடு படிக்கிறவன். அதே நாடகத்துக்கு மேடை கட்டினவன். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, இரண்டையும் நேராக அடுக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது? வந்ததும் "வின்சன்ற்" என்று என் பெயரைச் சொல்லிக் கைதந்தான். இந்த நாட்டு மொழியில் 'நீங்கள்' என்று ஒருவரும் கதைப்பதில்லை. அரசிக்கு மட்டும் ஏதோ இருக்கிறதாம். எனக்குப் பாதி வயதுகூட இல்லாதவன் 'நீ' என்று சுகம் விசாரிக்கிறான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் சட்டையில் தேத்தண்ணி ஊற்றினதுபோல இருக்கிறது.

என் மனதில் இருந்த கேள்வி இதுதான்: மேடையில் பலதரம் பார்த்து முடித்த நாடகத்தைத் திருப்பிப் பார்க்க இவன் ஏன் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும்? லூர்துவிடம் குசினியில் மெதுவாகக் கேட்டேன்.

"றோல்ஸுக்கு வந்திருக்கும்," என்றாள், சுருட்டிவைத்த றோல்ஸை எண்ணெயில் பொரித்துக்கொண்டே. "எல்லாத்தையும் தடவிப் பாக்காதேங்கோ."

தடவிப் பார்ப்பது என் தொழில். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. உடுப்புகள் இயந்திரத்துக்குள் போகுமுன் டொக்டர்மாரின், தாதிமாரின் மேலங்கிப் பைகளைத் தடவி, பேனை, கத்தரி, ஊசி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கிடைத்த உத்தியோகம். எந்தப் பையிலும் ஏதோ இருக்கும் என்று நினைத்துக் கைவைத்தே பழகிவிட்டது.

2

அந்த ஞாயிறு எனக்கு ஏற்கெனவே நெஞ்சிடியான ஞாயிறு. காரணத்தைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்லமுடியாது.

நான் பள்ளிமுனை என்ற மீன்பிடி ஊரில் பிறந்தவன். என் அக்கா ரெஜினா கலியாணம் கட்டிப்போனது விடத்தல்தீவுக்கு. சண்டை நெருங்கியபோது அக்காவின் குடும்பம் படகையும் வலையையும் விட்டுவிட்டு வன்னிக்குள் போனது, கடைசிவரை அங்கேயே நின்றது, பிறகு முகாம், பிறகு மீள்குடியேற்றம் என்று திரும்பிவந்து வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு. சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. அக்காவுக்கு ஒரே மகள், மெற்றில்டா. அவளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிமுனை, பெயர் சேவியர், படகு எஞ்சின் திருத்துகிற வேலை.

எனக்குச் சந்தேகம் மூன்று. முதலாவது, மாப்பிள்ளை சீதனம் கேட்கவில்லை. பள்ளிமுனையில் நான் பிறந்து வளர்ந்தவன். சீதனம் கேட்காத மாப்பிள்ளையை நான் கண்டதில்லை. கேட்காவிட்டால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. இரண்டாவது, அக்கா அனுப்பிய படம். நீலச் சேட்டு, நல்ல முகம், தடித்த மீசை. ஆனால் இடுப்போடு படம் முடிந்துவிட்டது.

"முழுப்படம் அனுப்பு" என்று அக்காவுக்குச் சொன்னேன். ஒரு கிழமை கழித்து வேறொரு படம் வந்தது. அதுவும் அரைப்படம்.

"முகத்தைத்தானே பாக்கிறது," என்றாள் லூர்து. "நீங்கள் மாப்பிள்ளையின்ர காலையே பாக்கப்போறீங்கள்?"

மூன்றாவது சந்தேகம் மற்றவர்கள் மேல் இல்லை, எங்கள் பக்கத்துப் பயம். அக்கா குடும்பம் வன்னியில் இருந்தபோது சண்டைக்கு ஆள்பிடிக்கிற காலம் ஒன்று வந்தது. குமர்ப்பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். கலியாணம் கட்டினவர்களை விட்டார்கள். அதனால் தாய்தகப்பன்மார் அவசர அவசரமாகப் பிள்ளைகளுக்குக் கலியாணம் கட்டிவைத்தார்கள். கட்டிவைக்க ஆள் கிடைக்காதவர்கள் படம் எடுத்தார்கள். ஆம், படம் மட்டும். ஊரில் ஸ்ரூடியோ வைத்திருந்த ஒரு படக்காரரும் கமராவோடும், மாப்பிள்ளைமாருக்குக் கொடுக்கிற ஒரு கோட்டோடும் இடம்பெயர்ந்து அங்கே வந்திருந்தார். கொட்டில் வேய்கிற நீலத் தறப்பாளைப் பின்னால் கட்டி, ஒரே கூறைச்சேலையை ஏழு பிள்ளைகள் ஒவ்வொருவராக உடுத்து, ஒரே பொடியனுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தாலிகூட ஒன்றுதான், ஒருவர் கழற்ற மற்றவர் போட்டது. பொடியனுக்கு மேலே கோட், கீழே வீட்டில் கட்டுகிற சாரம். அரைக்கு மேலேதானே படத்தில் வரும். அந்தப் படத்தைக் கொட்டில் வாசலில் தொங்கவிட்டால், வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்த ஏழு பேரில் மெற்றில்டாவும் ஒருத்தி. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. சண்டையின் கடைசி நாட்களில் தண்ணீரைக் கடந்து வந்தபோது படம் தொலைந்துபோனது. நான் அதைக் கண்டதில்லை. பொடியனின் பெயரையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அக்கா பின்னர் தொலைபேசியில் சொன்னதுதான். அதற்குப் பிறகு நாங்கள் அதைப்பற்றிக் கதைப்பதென்றால் 'அந்த மழைக்கால விஷயம்' என்றுதான் சொல்வோம். தொலைபேசியை எத்தனை பேர் கேட்கிறார்களோ, யாருக்குத் தெரியும்.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் கலியாண அறிவித்தல் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று. அன்று காலை இரண்டாவது முறை வாசித்து முடிந்திருந்தது. இன்னும் ஒரு ஞாயிறு பாக்கி. அதற்குள், "இந்தப் பெண் கூறைச்சேலையோடு வேறொருவனுக்குப் பக்கத்தில் நின்றவள், தாலியும் போட்டவள்" என்று மாப்பிள்ளை வீட்டின் காதில் யாராவது போட்டால், மெற்றில்டாவின் கலியாணம் அதோடு சரி. எங்கள் ஆட்களில் விஷயம் அக்காவுக்கும் அத்தானுக்கும் மெற்றில்டாவுக்கும் எனக்கும் லூர்துவுக்கும் மட்டும்தான் தெரியும். ஜெசிக்கு எப்படித் தெரிந்தது என்றால், அக்கா சொன்ன அன்றைக்கு என் கையெல்லாம் குழைத்த மா. தொலைபேசியைச் சத்தமாகப் போட்டுவிட்டுக் கேட்டேன். சின்னப்பிள்ளை, தமிழ் சரியாக விளங்காது என்று நினைத்தேன்.

3

நாடகத்தின் கதையை மிக்கெல் டேனிஷில் சொல்ல, ஜெசி தமிழில் சொன்னாள். பாட்டு இத்தாலிய மொழியில். அடியில் டேனிஷ் எழுத்து ஓடும். நான் ஒரு வரியை எழுத்துக்கூட்டி முடிக்கும்போது பாடுகிறவர் மூன்று வரி தாண்டியிருப்பார்.

ஒரு படைத்தலைவன். அவனுக்கு ஒரு மகள். எதிரிப் படையில் இருக்கிற ஒருவன் மேல் அவளுக்கு விருப்பம். தகப்பன் வேறு இடத்தில் பேசி முடிக்கிறான். கலியாண உடுப்போடு அவள் கோட்டை மதிலில் ஏறி, பாடி, விழுந்து சாகிறாள். இருநூறு வருடத்துக்குமேல் பழைய கதை என்றாள் ஜெசி.

"ஆனா இப்பத்தையக் காலத்துக்கு மாத்திப் போட்டிருக்கினம். கோட்டை இல்லை, முகாம். காதலன் இல்லை."

"காதலன் இல்லாமல் என்ன காதல் கதை?" என்றாள் லூர்து.

முதலில் ஒரு மனிதர் கறுப்புச் சட்டையோடு வந்து, கதையை ஏன் மாற்றினோம் என்று நீளமாக விளக்கினார்.

"இவர்தான் கட்டியகாரன்," என்றான் அலோசியஸ். கூத்தில் முதலில் வந்து ராசா வரப்போவதை அறிவிக்கிற ஆள் கட்டியகாரன். "கம்பு மட்டும் இல்லை."

திரை விலகியது. நான் ராசா உடுப்பை எதிர்பார்த்தேன். முடி, கண்ணாடி வைத்த மார்ப்பதக்கம், பட்டுச் சால்வை. பள்ளிமுனையில் பெருநாளுக்குக் கூத்துப் போட்டால் உடுப்பைப் பார்க்கவே பாதிச் சனம் வரும். இங்கே மேடை முழுக்க நீலத் தறப்பாள். முள்ளுக்கம்பி. ஒரு தண்ணீர்த் தாங்கி. வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரைகள்.

"இந்தத் தறப்பாளைப் பாக்கவே காசு குடுத்துச் சனம் போகுது?" என்றாள் லூர்து. "எங்களிட்டச் சொல்லியிருந்தால் சும்மா காட்டியிருப்பமே."

ஜெசி அதை மொழிபெயர்க்கவில்லை. மிக்கெல் என்ன என்று கேட்டான். தறப்பாள் வடிவாயிருக்கிறதாம் என்று சொல்லிவிட்டாள். அவன் மகிழ்ந்துபோய் இரண்டாவது றோல்ஸை எடுத்தான்.

கூத்தை நான் பெரிதாகத் தூக்கிப்பிடிக்க வரவில்லை. சின்னவயதில் எனக்குக் கூத்து என்றாலே பயம். சதி செய்கிற மந்திரி வேடம் போட்டவர் எங்கள் ஒழுங்கையில் இருந்தவர், நல்ல மனிதர். கூத்து முடிந்து அடுத்த கிழமை கடையில் அவருக்குக் கடனுக்கு அரிசி கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார் கடைக்காரர். "ராசாவுக்கே அப்பிடிச் செய்தவன், எனக்குச் செய்யமாட்டானோ?" என்று கேட்டாராம். ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கடைக்காரர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது, இப்போதும் படுகிறது. மேடையில் வருவது எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்.

4

இரண்டாம் பகுதி தொடங்கியது. முகாமுக்குள் படையாட்கள் வந்து கலியாணமாகாத பெண்களைக் கொண்டுபோகப் போவதாக ஒருவன் பாடினான். பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதல் பெண் வெள்ளைக் கலியாண உடுப்பைப் போட்டாள். நீலத் தறப்பாளுக்கு முன்னால் போய் ஓர் ஆணுக்குப் பக்கத்தில் நின்றாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. உடுப்பைக் கழற்றி அடுத்த பெண்ணிடம் கொடுத்தாள். அவள் போட்டாள். அதே ஆண். பளிச்.

லூர்து றோல்ஸ் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

கமரா மெல்லக் கீழே இறங்கியது. அந்த ஆணுக்கு மேலே கோட். கீழே சாரம். கட்டம் போட்ட, நாங்கள் கட்டுகிற அதே சாரம்.

தறப்பாள் எந்த நாட்டு முகாமிலும் இருக்கும். வரிசையும் இருக்கும். கோட்டுக்குக் கீழே சாரம் உலகத்தில் ஒரு இடத்தில்தான் நடந்தது. எழும்பிப்போய்த் தொலைக்காட்சியை அணைத்தேன்.

"அப்பா, என்ன செய்யிறீங்கள்?"

"நீதானே இந்தக் கதையைக் குடுத்தனி?"

"ஓம். நான்தான் குடுத்தனான்." கொஞ்சமும் தயங்கவில்லை. "சாரமும் நான்தான் தைச்சது. உங்கட பழைய சாரத்தை அளவுக்குக் கொண்டுபோனனான்."

அந்தச் சாரத்தை நான் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

"இது அவளின்ர சீவியம். உன்ர படிப்புக்குப் புள்ளி எடுக்கிறதுக்கு வைச்ச சாமான் இல்லை. இன்னும் ஒரு ஞாயிறு இருக்கு, தெரியுமோ? மாப்பிள்ளையின்ர ஆக்கள் ஐரோப்பா முழுக்க இருக்கினம். ஒராள் பாத்தால் காணும்."

"நம்மட சனம் ஒப்பேராவே பாக்கப்போகுது?" என்றான் அலோசியஸ். "சீரியல் பாத்து முடிக்கவே அதுகளுக்கு நேரமில்லை, அத்தான்."

"நீ பாக்கிறாய்தானே?"

அவன் ஒரு றோல்ஸை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

மிக்கெலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சண்டை என்பது எந்த மொழியிலும் விளங்கும். கதிரையின் நுனிக்கு வந்து, "நான் போகவா?" என்று ஜெசியிடம் கேட்டான். லூர்து அவன் தோளை அமத்தி இருத்தினாள்.

"அப்பா, நான் மெற்றில்டா மச்சாளிட்டக் கேட்டுத்தான் குடுத்தனான்," என்றாள் ஜெசி. "நான் அவவோட ஒவ்வொரு கிழமையும் கதைக்கிறனான்."

அதை நான் நம்பவில்லை. ஜெசி என்னோடு தமிழில் கதைப்பதே சாப்பாட்டுக்கும் காசுக்கும்தான். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காகச் சிரித்துக் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். அது டேனிஷ் சிநேகிதிகள், அல்லது இந்தச் சப்பாத்து அடுக்குகிறவன் என்று நினைத்திருந்தேன்.

"பொய் சொல்லாதே."

அவள் தொலைபேசியை எடுத்தாள். "கேளுங்கோ. இப்பவே கேளுங்கோ."

5

அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். படம் விட்டுவிட்டு வந்தது. மெற்றில்டாவின் முகம், பின்னால் பூசாத கல்லுச்சுவர், சுவரில் மாதா படம் போட்ட கலண்டர்.

"மாமா, சுகமே?"

"பிள்ளை, பக்கத்தில ஆர் இருக்கினம்?" என் குரல் தானாகவே தணிந்துவிட்டது.

"அம்மா குசினியில. அவர் இஞ்ச இருக்கிறார்."

"எவர்?"

"அவர்தான் மாமா."

மாப்பிள்ளை. அறிவித்தல் முடிந்து சாப்பிட வந்திருக்கிறார். தொடர்பை வெட்டு என்று ஜெசிக்குக் கையால் காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"மச்சாள், அப்பாவுக்குக் கோவம். அந்தப் படம் எடுத்த கதையை நான் நாடகத்துக்குக் குடுத்திட்டன் எண்டு."

எத்தனை வருடம் கட்டிக்காத்த விஷயம். மூன்றாவது ஞாயிறுகூட வரவில்லை. என் சொந்த மகளே மாப்பிள்ளையின் காதில் போட்டுவிட்டாள்.

மெற்றில்டா சிரித்தாள். "நான்தானே குடுக்கச் சொன்னனான். நாடகம் முடிஞ்சுதோ? நீங்கள் எல்லாரும் பாக்கிறீங்களோ?"

திரைக்குள் இன்னொரு முகம் வந்தது. நீலச் சேட்டு, தடித்த மீசை. அக்கா அனுப்பிய அதே அரைப்படம் உயிரோடு.

"வணக்கம் மாமா. கோட் சரியா வந்திருக்கோ?"

"எந்தக் கோட் தம்பி?"

"நான் போட்ட கோட்."

எனக்கு விளங்கவில்லை. லூர்துவுக்கு விளங்கிவிட்டது. "என்ர மாதாவே" என்று கதிரையில் இருந்துவிட்டாள்.

"விளங்கேல்லைப் போல," என்று அவர் மெற்றில்டாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "போனைக் கொஞ்சம் பதிச்சுப் பிடியும்," என்றார். பிறகு எழும்பி நான்கு அடி நடந்து காட்டினார். சாரம் கட்டியிருந்தார். இடது கால் சூம்பிப்போய், முழங்காலில் கையை ஊன்றித்தான் அடுத்த அடி வைக்கவேண்டியிருந்தது. திரும்பி வந்து இருந்தார்.

"இளம்பிள்ளை வாதம், மாமா. இந்தக் கால் இருந்ததாலதான் என்னை ஒருத்தரும் கொண்டுபோகேல்லை. விடத்தல்தீவுக்கு எஞ்சின் வேலைக்கு வந்தனான், பாதை பூட்டினதோட அவையோடயே வன்னிக்குப் போயிட்டன். படக்காரர் சொன்னார், அரைக்கு மேல நிமிந்து நில், கீழே ஒருத்தரும் பாக்கப்போறதில்லை எண்டு."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு திரைக்குள் வந்தாள்.

"அக்கா, நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"படத்தில நிண்ட பொடியன்தான் எண்டு சொன்னால் நீ ஏழு நாள் நித்திரை கொள்ளமாட்டாய்."

"காலையும் சொல்லேல்லை."

"அதுக்கு இன்னொரு ஏழு நாள்."

அலோசியஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஜெசி எல்லாவற்றையும் மிக்கெலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தொலைபேசித் திரையைப் பார்ப்பதும், அணைந்துகிடந்த தொலைக்காட்சியைப் பார்ப்பதுமாக இருந்தான்.

எனக்கு இன்னும் அடங்கவில்லை. "இன்னும் ஒரு ஞாயிறு இருக்கு. கோயிலில ஆராவது எழும்பி, இவை முதலே தாலி போட்டவை எண்டு..."

"பங்குச் சுவாமியிட்ட முதல் நாளே சொன்னது மாமா," என்றாள் மெற்றில்டா. "போட்டவளுக்கே ஒழுங்காக் கட்டுறதுக்கு என்ன தடை எண்டு கேட்டுச் சிரிச்சவர். ஊரில எல்லாருக்கும் தெரியும். நீங்கள்தான் இன்னும் மழைக்காலம் எண்டு கதைச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்."

பிறகு லூர்து கேட்டாள். நான் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்ததை.

"மற்றப் பிள்ளையள் எங்க, மெற்றில்டா?"

படம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை. அவர்கள்தான் அசையாமல் இருந்தார்கள்.

"ரெண்டு பேர் கலியாணத்துக்கு வருவினம், மாமி. ஒராள் கனடா. ரெண்டு பேர் எங்க எண்டு தெரியாது. டிலானி இல்லை." சேவியர் தரையைப் பார்த்தார். மெற்றில்டாதான் தொடர்ந்து சொன்னாள். "படத்தைப் பாத்து ஆக்கள் விட்டிட்டுப் போட்டினம். மேல இருந்து விழுற செல் படம் பாக்கிறேல்லைத்தானே."

6

தொலைக்காட்சியை நானே திரும்பப் போட்டேன். யாரும் சொல்லவில்லை. ஜெசி தொலைபேசியைத் திருப்பித் திரைக்கு நேரே பிடித்தாள், அங்கே இருக்கிறவர்களும் பார்க்கட்டும் என்று.

கடைசிக் கட்டம். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் உடுப்பைப் போட்டுக் கழற்றிவிட்டார்கள். படைத்தலைவனின் மகள்தான் பாக்கி. இந்த நாடகத்தில் மதில் இல்லை. தண்ணீர்த் தாங்கிக்கு மேல் ஏறி நின்று பாடினாள். நீளமான பாட்டு. நல்ல நேரமாக இருந்தால், சாகப்போகிறவளுக்கு இவ்வளவு மூச்சு எங்கிருந்து வருகிறது என்று லூர்து கேட்டிருப்பாள். அன்று கேட்கவில்லை. பாட்டு முடிந்தபோது மேடையில் அந்த ஆண் மட்டும். மேலே கோட், கீழே என்னுடைய சாரத்தின் அளவில் தைத்த சாரம், கையில் அவள் போடாமல் விட்ட உடுப்பு. அதைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு, படம் எடுக்கிற வெளிச்சத்துக்காகக் காத்து நின்றான். வெளிச்சம் வரவில்லை.

"இப்பிடி ஏந்தேல்லை," என்றார் சேவியர் தொலைபேசிக்குள். "சேலையைத் தோளில போட்டிருந்தனான். கடைசி ஆள் டிலானி. அவள்தான் மடிச்சுத் தந்தவள்."

அதற்குப் பிறகு பேர்கள் ஓடின. பாடினவர்கள், வாத்தியக்காரர், விளக்குப் பிடித்தவர்கள், மேடை கட்டினவர்கள். மிக்கெல் தன் பேருக்குக் கையை உயர்த்தினான். பிறகு ஜெசியின் பேர், என் பேரையும் சேர்த்து, முழுதாக. இரண்டு செக்கன் என்றாள், அவ்வளவுகூட நிற்கவில்லை. அலோசியஸ் கைதட்டினான். கூத்து என்றால் இந்த இடத்தில் மங்களம் பாடி எல்லோரும் கும்பிடுவார்கள். இவர்கள் பேரோடு முடித்துவிட்டார்கள்.

"என்ர பேர் வந்ததோ?" என்று கேட்டாள் மெற்றில்டா.

"வந்தது மச்சாள். எனக்கு நாலு பேருக்குக் கீழ. நன்றி எண்டு போட்டு."

நான் காணவில்லை. காணாமல் விட்டது நல்லது. கண்டிருந்தால் அதற்கும் ஏழு நாள்.

தொடர்பை வைக்குமுன் ஒன்றைக் கேட்காமல் விடமுடியவில்லை. என் முதல் சந்தேகம் இன்னும் அப்படியே கிடந்தது.

"தம்பி சேவியர், குறை நினையாதேங்கோ. சீதனம் ஏன் கேக்கேல்லை?"

"கேட்டனான் மாமா," என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "மாமி சொல்லேல்லையே? ஒரு படத்துக்கு நிக்க இருநூறு ரூபாய் எண்டு பேசினது. ஆறு வீட்டால அண்டைக்கே தந்திட்டினம். உங்கட அக்கா வீட்டுக் காசு மட்டும் இன்னும் வரேல்லை. அதைத் தந்தால் காணும் எண்டு சொன்னனான்."

அக்கா உடனே குசினிக்குள் போய்விட்டாள். அங்கிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "கூறைச்சேலைக்கு நாங்கள்தானே சோப் வாங்கினது. அதைக் கழிக்கவேணும்."

மிக்கெல் போகும்போது லூர்து மிச்ச றோல்ஸைக் கட்டிக் கொடுத்தாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "நன்றி, வின்சன்ற்" என்றான். அவன் ஏன் வந்தான் என்பது எனக்கு இன்னும் தெளிவில்லை. அதைத் தனியாக விசாரிக்கவேண்டும்.

மூன்றாவது ஞாயிறும் வாசித்தாயிற்று. ஒருவரும் எழும்பவில்லை. கலியாணமும் நடந்தது, முழுப்படம் வந்திருக்கிறது, இந்த முறை கால்வரைக்கும், மாப்பிள்ளை வேட்டியோடு. கோட் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டாராம். பெண்ணின் பக்கத்தில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், யார் என்று நான் கேட்கவில்லை.

காசை நான் அனுப்புகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அனுப்பாதே என்கிறாள். தந்துவிட்டால் பிறகு சேவியர் வந்து கேட்பதற்கு ஒன்றும் இருக்காதாம்; ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட வரும்போது வாசலில் நின்று கேட்கிறாராம், கேட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றுகிறாராம். அதனால் அது அப்படியே நிற்கிறது. சோப்பைக் கழிக்காமல், இருநூறு ரூபாய்.